கூட்டல் குறி அதிகமான வளாகம்

என்னிடம் 82 பக்கத்தில் ஒரு மெலிந்த புத்தகம் இருக்கிறது. சமன்பாடுகளை எப்போது தீர்க்கலாம், எப்போது முடியாது என்று ஆராயும் கணிதத்தைப் பற்றி எமில் ஆர்ட்டின் என்ற கணிதவியலாளர் எழுதிய ‘கால்வா கோட்பாடு’. முதுகலை படிக்கும்போது ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வைத்துக்கொண்டது. இப்போது ஓரமெல்லாம் மடங்கிக் கிடக்கிறது. பாடம் புரிவதற்கே நாக்குத் தள்ளிய காலத்தில் தலைப்புப் பக்கத்தை யார் படித்தார்கள்? பல வருடம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய விரிவுரைகள் என்கிறது அந்தப் பக்கம். ஆனால் ஆர்ட்டினின் பெயருக்குக் கீழே இருப்பது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். அதைத் தொகுத்து, பயன்பாடுகள் பற்றி ஒரு பகுதியையும் சேர்த்த ஆர்தர் மில்கிராமின் பெயருக்குக் கீழே மின்னசோட்டா பல்கலைக்கழகம். பேசியவரும் அங்கே இல்லை, தொகுத்தவரும் அங்கே இல்லை. புத்தகம் மட்டும் அங்கேயே இருந்து மறுபடி மறுபடி அச்சாகிக்கொண்டிருந்தது.

நம் ஊரில் ‘கெஸ்ட் லெக்சரர்’ என்றால் மணிக்கணக்குக் கூலி, மாதக்கடைசியில் வவுச்சர், அதில் ஒட்ட ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப். ‘விசிட்டிங் புரொபசர்’ என்றால் ரயிலடிக்குக் கார், மேடையில் சால்வை, மறுநாள் செய்தித்தாளில் படம். இரண்டு பேரும் செய்வது ஒரே வேலைதான்: இன்னொருத்தர் வீட்டில் பாடம் நடத்திவிட்டுக் கிளம்புவது. அந்த வீடு ஒரு மதத்தின் வீடாகவும் இருந்து, வருகிறவர் அந்த மதத்தைப் பெரிதாக மதிக்காதவராகவும் இருந்தால் என்ன ஆகும்? நான் ஒரு கிறித்தவக் கல்லூரியின் கணிதத் துறையில் காலம் தள்ளியவன். இந்தக் கேள்வி எனக்குப் புத்தகக் கேள்வி இல்லை. அதனால்தான் நோட்டர் டேமின் கதையை 1937இலிருந்து 1954வரை எடுத்துக்கொண்டு பார்க்கிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊர். எட்வர்ட் சொரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1842இல் தொடங்கிய கத்தோலிக்கக் கல்விக்கூடம். முதன்மைக் கட்டடத்தின் உச்சியில் தங்க முலாம் பூசிய கோபுரம், அதன் மேல் மாதா. இளங்கலையில் பெண்களைச் சேர்த்தது 1972இல்தான். 1930களில் வெளியுலகம் அந்தப் பெயரைக் கேட்டாலே கால்பந்து என்றுதான் சொல்லும், அதுவும் அமெரிக்கக் கால்பந்து. ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள, செயற்கை ரப்பருக்கு வழி திறந்த ஜூலியஸ் நியூலண்ட் என்ற வேதியியல் பாதிரியார் இருந்தார். அவரும் 1936இல் இறந்துபோனார்.

1934இல் தலைவர் பொறுப்புக்கு வந்தவர் பாதிரியார் ஜான் ஓஹாரா. பின்னாளில் ஃபிலடெல்ஃபியாவின் பேராயராகி, 1958இல் கர்தினாலும் ஆனார். தலைவராவதற்கு முன்பு மாணவர்களின் ஆன்மிக வாழ்வைக் கவனிக்கும் பொறுப்பில் பல வருடம் இருந்தவர். யார் அடிக்கடி நற்கருணை வாங்குகிறார்கள், எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டு, மாணவர்களுக்கென்று ஒரு சிறு பக்தி இதழை ஓயாமல் எழுதித் தள்ளியவர். இப்படிப்பட்டவரிடமிருந்து நாம் எதிர்பார்ப்பது ஒன்று, அவர் செய்தது வேறொன்று. ஹிட்லரின் நிழல் விழுந்த ஐரோப்பாவிலிருந்து அறிஞர்களைத் தேடித்தேடி அழைத்தார். இயற்பியலுக்கு ஆர்தர் ஹாஸ், அரசியலுக்கு வால்டமார் குரியன், கணிதத்துக்கு கார்ல் மெங்கர், எமில் ஆர்ட்டின், குர்ட் கோடெல். பெரிய பல்கலைக்கழகங்களில் வேலை இல்லாமல் உள்ளூர் ஆட்களே திண்டாடிய பொருளாதார மந்த காலம் அது. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர் எவ்வளவு பெரிய மூளையாக இருந்தாலும் வரிசையில் நிற்கத்தான் வேண்டும். கூட்டம் நிற்காத கடையில் நல்ல சரக்கு மலிவாகக் கிடைத்த மாதிரி, ஓஹாராவுக்கு அவர்கள் கிடைத்தார்கள். பக்தியும் உண்டு, கணக்கும் உண்டு. பாதிரியார்களிடம் இந்த இரண்டும் ஒத்துப்போவதை நான் நேரிலேயே நிறையப் பார்த்திருக்கிறேன்.

மெங்கர் வியன்னாவிலிருந்து வந்தது 1937இல். முந்தைய வருடம் ஜூன் 22ஆம் தேதி, தத்துவப் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்லிக்கை வியன்னா பல்கலைக்கழகத்தின் படிக்கட்டிலேயே ஒரு பழைய மாணவன் சுட்டுக் கொன்றிருந்தான். அந்த ஊரில் இனி இருக்க முடியாது என்று மெங்கருக்குத் தோன்றிவிட்டது. ஆனாலும் வியன்னா வேலையை விடாமல்தான் கிளம்பினார், நம்மவர்கள் பழைய வேலைக்குத் திரும்பும் உரிமையை, அதாவது ‘லீன்’, வைத்துக்கொண்டு வெளியூர் போவதைப் போல. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினான். மெங்கர் அமெரிக்காவிலிருந்தே தந்தியடித்து வியன்னா பதவியை ராஜினாமா செய்தார். விருந்தாளியாக வந்தவர் வீட்டுக்காரரானார். வியன்னாவில் தான் நடத்திய கணித உரைக்கூட்டத்தைச் சவுத் பெண்டிலும் தொடங்கினார். அதன் அறிக்கைகளை வரிசையாக அச்சிட்டார். கணிதத்தில் முனைவர் பட்டத்துக்கு வழி செய்தார்.

இந்தக் கதையில் என் கண் மெங்கர் மேல்தான். மற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். அவர்கள் வந்ததில் ஏதாவது தங்கியதென்றால், பிடித்து வைக்க உள்ளே ஓர் ஆள் இருந்ததால்தான் தங்கியது.

ஆர்ட்டினையே எடுத்துக்கொள்வோம். ஹாம்பர்க்கில் அவர் கொடிகட்டிப் பறந்தவர். மனைவி நத்தாஷாவின் தகப்பனார் யூதர். அது போதும், 1937இல் வேலை போய்விட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் கப்பலேறி வந்து இறங்கினார். அதில் மூன்று வயதுப் பையன் மைக்கேல் பின்னாளில் தகப்பனைப் போலவே பெயர்பெற்ற இயற்கணிதவியலாளர் ஆனார். நோட்டர் டேம் கொடுத்தது 1937–38 என்ற ஒரே கல்வியாண்டு. அடுத்த வருடமே அதே மாநிலத்தில், தெற்கே ப்ளூமிங்டனில் இருக்கும் இண்டியானா பல்கலைக்கழகம் நிரந்தர வேலை கொடுத்தது. போய்விட்டார். 1946இல் பிரின்ஸ்டன்.

கணக்குப் பார்க்கிற நிர்வாகி இதை நஷ்டம் என்றே எழுதுவார். ஒரு வருடம் சம்பளம் கொடுத்தோம், ஆள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் அந்த 82 பக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? நோட்டர் டேம் தன் கணித விரிவுரை வரிசையில் இரண்டாவது எண்ணாக அதை 1942இல் வெளியிட்டது. அதற்கு முன்பு கால்வா கோட்பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர்கள் சமன்பாட்டின் மூலங்களை இடம் மாற்றிப் பார்ப்பதில் தொடங்கி, வளைந்து வளைந்து போவார்கள். ஆர்ட்டின் எங்கிருந்து தொடங்குகிறார் தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் புரிகிற ஓர் உண்மையிலிருந்து. வலப்பக்கம் பூச்சியமாக உள்ள நேரியல் சமன்பாடுகளில், சமன்பாடுகளின் எண்ணிக்கையைவிட மாறிகள் அதிகமாக இருந்தால் எல்லாமே பூச்சியம் என்பதைத் தவிர வேறொரு தீர்வு கட்டாயம் உண்டு. இந்த ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு அடிக்கிறார். ஒரு களத்தின் (கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் செல்லுபடியாகும் எண் தொகுதி) மேல் செயல்படும் குலத்தில் (அதன் அமைப்பு குலையாமல் உறுப்புகளை இடம் மாற்றும் செயல்களின் தொகுப்பு) எத்தனை உறுப்புகளோ, அந்தக் குலம் அசைக்காமல் விட்ட உட்களத்தின் மேல் முழுக்களத்தின் பரிமாணமும் அத்தனையே என்று நிறுவிக் காட்டுகிறார். இன்றைக்கு எந்த ஊர்ப் பாடநூலைத் திறந்தாலும் கால்வா கோட்பாடு ஏறக்குறைய இந்த வழியில்தான் வருகிறது. பொதுவான ஐந்தாம் படிச் சமன்பாட்டை வர்க்கமூலம், கனமூலம் போன்றவற்றை மட்டும் வைத்து ஏன் தீர்க்க முடியாது, கவராயமும் அளவுகோலும் வைத்து எதை வரையலாம், எதை வரைய முடியாது என்பதெல்லாம் மில்கிராம் எழுதிச் சேர்த்த பகுதியில் இருக்கிறது. அவர் உட்கார்ந்து தொகுத்திருக்காவிட்டால், அந்தப் பேச்சும் எத்தனையோ வகுப்பறைப் பேச்சுகளைப் போலக் கரும்பலகையோடு அழிந்திருக்கும்.

வருகைதரு பேராசிரியரை அழைக்கும் கோப்பில் அவருடைய பயோடேட்டா பத்துப் பக்கம் இருக்கும். அவர் பேசுவதைக் குறிப்பெடுக்கப்போவது யார் என்று ஒரு வரி இருந்து நான் பார்த்ததில்லை.

கோடெலின் கதை வேறு மாதிரி. 1938 செப்டம்பர் 20ஆம் தேதி வியன்னாவில் அடேலைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டே வாரத்தில் மனைவியை அங்கேயே விட்டுவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இலையுதிர் பருவம் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில், 1939 வசந்தப் பருவம் நோட்டர் டேமில். ஏற்பாடு செய்தவர் மெங்கர். வியன்னாவில் தன் உரைக்கூட்டத்தில் உட்கார்ந்திருந்த, தன்னைவிட நாலு வயது இளையவரை அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த மூளை எவ்வளவு கூர்மையோ அவ்வளவு எளிதில் உடையக்கூடியது என்பதும் தெரியும். ஷ்லிக் கொலைக்குப் பிறகு கோடெல் மனம் தளர்ந்து மருத்துவமனையில் இருந்தவர்.

இரண்டு வகுப்புகள். ஒன்று, முடிவிலாக் கணங்களைப் பற்றிய இரண்டு பெயர்பெற்ற கூற்றுகளான தேர்வு மூலதத்துவமும் தொடர்மக் கருதுகோளும் கணக் கோட்பாட்டோடு முரண்படாது என்ற அவருடைய புத்தம்புதிய முடிவைப் பற்றியது. இன்னொன்று மெங்கரோடு சேர்ந்து நடத்திய தொடக்கநிலைத் தருக்க வகுப்பு. எனக்குச் சுவை இரண்டாவதில்தான். உலகின் தலைசிறந்த தருக்கவியலாளர், ‘அல்லது’, ‘மற்றும்’, ‘எனில்’ என்பவற்றிலிருந்து தொடங்கி மாணவர்களுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கிறார். வகுப்பில் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஆங்கிலத்தில் நோட்டுப் புத்தகங்களில் வரி வரியாக எழுதி வைத்துக்கொண்டார். கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் அந்தக் காலத்தில் தருக்கம் என்றால் அரிஸ்டாட்டில், அதற்கு மேல் தூய தாமஸ் அக்குவினாஸ். கோடெல் அதைத் தாக்கவில்லை. பழைய தருக்கம் நிறைவடையவில்லை, எல்லா விதிகளையும் சில அடிப்படை விதிகளிலிருந்து பெறும் முறை அதில் இல்லை, அந்த இடைவெளியை அடைக்கலாம் என்ற தொனியில்தான் தொடங்குகிறார். பழைய தருக்கத்தின் 19 வாத வடிவங்களில் நான்கு, ‘அப்படிப்பட்ட பொருள் ஒன்றாவது இருக்கிறது’ என்று சேர்த்துச் சொன்னால்தான் நிற்கும் என்பது அப்போதே புதிய தருக்கத்துக்குத் தெரிந்த செய்தி. குருமடத்தில் தருக்கம் படித்த யாராவது அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பார்.

ஆக, பாடத்தில் மதம் குறுக்கே வரவில்லை. வந்தது எங்கே என்றால், சாவியில்.

கோடெலுக்கு வளாகத்துக்குள்ளேயே அறை கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டடத்துக்குப் பொறுப்பாளர் ஒரு வயதான பாதிரியார். மெங்கர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இது வருகிறது. சாவி முதலான சில்லறை விஷயங்களுக்கெல்லாம் கோடெலுக்கும் அந்தப் பெரியவருக்கும் ஓயாத பிணக்கு. பெரியவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்கிறவர் இல்லை. கோடெல் எதையும் சும்மா விடுகிறவர் இல்லை. நடுவில் சமாதானம் பேசிப் பேசி மெங்கருக்கு அலுத்துவிட்டது. கோடெல் பிறப்பால் லுத்தரன், கத்தோலிக்கர் இல்லை. அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டது, ‘ராத்திரி எத்தனை மணிக்கு வருவீர்கள்?’ என்றுதான்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. எங்கள் கல்லூரிக்கு வடக்கேயிருந்து ஒரு பேராசிரியர் இரண்டு வாரத்துக்கு வந்திருந்தார். விருந்தினர் விடுதியின் கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டிவிடுவார்கள். முதல்நாள் ராத்திரி அவர் சாப்பிட வெளியே போய்விட்டு ஒன்பதரைக்கு வந்து நிற்கிறார். எனக்கு போன். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு ஓடினேன். வாட்ச்மேன் பெஞ்சை விட்டு எழுந்தார், கேட்டைத் தொடவில்லை.

“அண்ணே, இவரு நம்ம கெஸ்ட்டுதான். தொறங்க.”

“தெரியுது சார். சாப்பாட்டுக்குப் போறப்பவே சொன்னேன், அவருக்குப் பாஷை புரியல. ஃபாதர் சொல்லாம நான் தொறந்தா காலையில எனக்குத்தான் மெமோ.”

“ஃபாதர் தூங்கியிருப்பாரே.”

“அதான் சார் நானும் சொல்றேன்.”

பத்தே காலுக்கு ஃபாதர் லுங்கியோடு வந்து தானே திறந்துவிட்டார். மன்னிப்பும் கேட்டார். நல்ல மனுஷர். ஆனாலும் பேராசிரியர் மறுநாளே டவுனில் லாட்ஜ் எடுத்துக்கொண்டார். மாலை வேளையில் மரத்தடியில் மாணவர்களோடு பேசலாம் என்று நாங்கள் போட்டிருந்த திட்டமெல்லாம் போச்சு. பகலில் வந்தார், மூன்று மணிநேரம் பாடம் நடத்தினார், ஆட்டோ பிடித்துப் போனார். ஹானரேரியம் கொடுத்தோம், டி.ஏ. பில் பாஸ் ஆக நாலு மாதம். கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது.

கோடெல் ஜூன் மாதம் வியன்னாவுக்குத் திரும்பிப் போனார். போகாதே என்று மெங்கர் எவ்வளவோ சொன்னார். அங்கே பல்கலைக்கழகத்தில் தனக்குள்ள உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும் என்று கோடெல் பிடிவாதமாக நின்றார். மனைவியும் அங்கேதான். ஆகஸ்ட் 30ஆம் தேதி வியன்னாவிலிருந்து மெங்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் உலகம் எரியப்போகும் வாடையே இல்லை. மறுநாள் கழித்து ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. ராணுவப் பணிக்குத் தகுதி என்று மருத்துவச் சோதனையில் சொன்ன பிறகுதான் கோடெலுக்கு உறைத்தது. 1940 ஜனவரியில் அடேலோடு சைபீரிய ரயிலேறி, யோகஹாமாவில் கப்பல் பிடித்து, மார்ச் 4ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். அதற்குப் பிறகு சாகும்வரை பிரின்ஸ்டன்தான். சவுத் பெண்ட் பக்கம் குடிவரவில்லை. மெங்கரின் மனமும் பழையபடி ஒட்டவில்லை. அந்த ஒரு பருவத்தின் தருக்க நோட்டுகள் முழுமையாக அச்சில் வந்தது 2017இல்.

மெங்கரால் எல்லாரையும் சவுத் பெண்டுக்கே கொண்டுவர முடிந்ததும் இல்லை. வியன்னாவில் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர் ஆபிரகாம் வால்ட். சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் பள்ளிக்கூடமே போகாமல் வீட்டில் படித்த ஆசார யூதர். 1938இல் அமெரிக்கா வந்து, வேறு இடங்களில் வேலை பார்த்து, புள்ளியியலையே புரட்டிப் போட்டார். அவரும் கடைசியில் ஒரு வருகைதரு அறிஞர்தான். இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுக்காக வந்த இடத்தில், 1950 டிசம்பர் 13ஆம் தேதி நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்துபோனார். கோத்தகிரிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

உள்ளே ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எதிர்ப்பக்கத்து உதாரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1930இன் தொடக்கத்தில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கு ஆந்த்ரே வெய் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் வந்தார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், சமஸ்கிருதப் பித்து, வயது 23. அழைத்தவர் துணைவேந்தர் ராஸ் மசூத், பல்கலைக்கழகத்துக்கு வித்திட்ட சையது அகமது கானின் பேரன். முதலில் பேச்சு, பிரெஞ்சு நாகரிகத்துக்கு ஒரு இருக்கை என்றுதான். பிறகு தந்தி வந்தது: அது முடியாது, கணித இருக்கை காலியாக இருக்கிறது, வருகிறீர்களா? வந்தார். வந்தவுடனே துறைக்கே தலைவர். இருபத்துமூன்று வயதில், மொழி தெரியாத ஊரில், அவரே விருந்தாளி, அவரே வீட்டுக்காரர்.

வெய்யிக்கு ஆள் பார்க்கும் கண் இருந்தது. இரண்டு பேரைச் சேர்த்தார். ஒருவர் நம்மவர், தி. விஜயராகவன். பரீட்சை மதிப்பெண்ணை வைத்துப் பார்த்தால் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். சென்னையிலிருந்து அவர் அனுப்பிய கணக்குகளைப் பார்த்துவிட்டு ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி ஆக்ஸ்ஃபோர்டுக்கு அழைத்துப் பயிற்றுவித்தவர். பிஸோ–விஜயராகவன் எண்கள் என்று இன்றும் அவர் பெயர் சொல்லுகிறார்கள். இன்னொருவர் கணிதவியலாளரும் பின்னாளில் வரலாற்றறிஞருமான டி. டி. கோசாம்பி. காசி இந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அந்த ஊர் மாற்றத்தை இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் ஆச்சரியம்தான். இந்தக் கூட்டத்தின் குறும்பும் பேர்போனது. 1931இல் வெய் தூண்டிவிட, இல்லாத ஒரு ருஷ்யக் கணிதவியலாளர் ‘பூர்பாகி’யின் தேற்றத்தை விரிவாக்குவதாகக் கோசாம்பி ஒரு கட்டுரை எழுதி அச்சேற்றினார். பின்னாளில் பிரான்சில் ஒரு பெரும் கணிதக் குழுவே அந்தப் பெயரைச் சூட்டிக்கொண்டது.

ஆனால் துணைவேந்தர் ஒருவரின் தயவில் நின்ற ஏற்பாடு அது. தயவு வற்றியதும் ஏற்பாடும் வற்றியது. விஜயராகவன் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1932இல் வெய்யின் வேலை போனது. பிறகு கோசாம்பியும் புனேக்குப் போனார். சில வருடத்துக்குள் கூடு காலி. உட்கார்ந்து எழுதி வைக்க ஒரு மில்கிராம் இல்லை, சமாதானம் பேச ஒரு மெங்கர் இல்லை. விஜயராகவன் கடைசியில் சென்னைக்கு வந்து, அழகப்பச் செட்டியார் நிறுவிய ராமானுஜன் கணித நிறுவனத்துக்குத் தலைமை ஏற்று, 1955இல் காலமானார்.

இதில் ஒரு விசித்திரம். ஆர்ட்டினும் மெங்கரும் சவுத் பெண்டில் கால் வைத்த அதே 1937இல்தான், எலி கார்த்தான் என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளரிடம் ஆராய்ச்சி செய்த சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சு ஏசு சபைத் துறவி நம் திருச்சிக்கு வந்தார். பிறகு சென்னை லயோலா. கணிதவியலாளர்கள் சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் அவர் கைபட்டு வந்தவர்கள். ஆனால் அவரை வருகைதரு பேராசிரியர் கணக்கில் சேர்க்க முடியாது. வந்தவர் போகவே இல்லை.

நோட்டர் டேமுக்குத் திரும்புவோம். மெங்கர் 1946இல் சிகாகோவுக்குப் போய்விட்டார். அந்த நாற்காலி காலியாகியிருந்தால் கதை அலிகார் மாதிரியே முடிந்திருக்கும். அதே வருடம் துறைத் தலைவராக வந்தவர் ஆர்னால்ட் ராஸ். சிகாகோவில் பிறந்து ஒடெஸாவில் வளர்ந்தவர், யூதக் குடும்பம். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்கு அவர் தலைவரானதில் யாருக்கும் மூக்கு வியர்த்ததாகத் தெரியவில்லை. கத்தோலிக்கரல்லாத ஆசிரியர்கள் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்று எழுத்தில் வந்ததெல்லாம் 1990இல், இரண்டாம் ஜான் பால் வெளியிட்ட விதிமுறையில்தான். அதிலும் இறையியல் நடத்துகிறவருக்குத்தான் திருச்சபையின் தனி ஒப்புதல் வேண்டும். கணிதம் தப்பித்துக்கொண்டது. வடிவகணிதத்தில் திரித்துவத்தை யாரும் தேடுவதில்லை.

ராஸ் அழைத்தவர்களில் பெரிய சவால் ஹங்கேரியக் கணிதவியலாளர் பால் ஏர்டிஷ். வீடு கிடையாது, வேலை கிடையாது, ஒரு சூட்கேஸ். இன்றைக்கு இந்த ஊரில் ஒரு தேற்றம், நாளைக்கு அடுத்த ஊரில். கடவுளை ‘மேலிடத்து சர்வாதிகாரி’ என்கிற ரீதியில் கிண்டல் செய்கிறவர். அப்படிப்பட்டவரை 1953–54 கல்வியாண்டுக்கு நோட்டர் டேம் வருகைதரு பேராசிரியராக எடுத்தது. ராஸ் போட்ட ஏற்பாட்டைப் பாருங்கள். நடத்த வேண்டியது ஒரே ஒரு வகுப்பு. அதற்கும் ஓர் உதவியாளர். எங்கேயாவது யாரோடாவது கணக்குப் போடப் போக வேண்டும் என்று தோன்றினால் ஏர்டிஷ் சொல்லாமல்கூடக் கிளம்பலாம், உதவியாளர் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். வொர்க்லோடு பதினாறு மணிநேரம் காட்டாவிட்டால் மூச்சே விடாத நம் அலுவலகங்களில் இந்தக் குறிப்பை வைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆளின் சுபாவம் தெரிந்து சட்டையை அவர் உடம்புக்குத் தைத்திருக்கிறார் ராஸ். கோடெலின் சாவிக்கு யாரும் இப்படித் தைக்கவில்லை.

பாதிரியார்களோடு ஏர்டிஷ் நன்றாகவே பழகினார். பேச்சுத் துணைக்குப் படித்தவர்கள், விவாதத்துக்கு அஞ்சாதவர்கள். பிடித்திருந்தது. குறை என்ன என்று கேட்டதற்கு ஒன்றுதான் சொன்னார்: இங்கே கூட்டல் குறி கொஞ்சம் அதிகம். சுவருக்குச் சுவர் சிலுவை மாட்டியிருந்த வளாகத்தில் அந்தப் பகடியைக் கேட்டுச் சிரிக்கவும் ஆள் இருந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் அது நமக்கு வந்து சேர்ந்திருக்காது.

வருடக்கடைசியில் அதே சலுகைகளோடு தொடர்ந்து இருக்கும்படி கேட்டார்கள். நண்பர்களும் ஒத்துக்கொள்ளச் சொல்லி மன்றாடினார்கள்: இன்னும் எத்தனை நாள் இப்படி ஊர் ஊராகத் திரிவாய்? ஏர்டிஷ் மறுத்துவிட்டார். அதற்குள் வேறொரு வில்லங்கம் முளைத்தது. 1954இல் ஆம்ஸ்டர்டாமில் உலகக் கணித மாநாடு. போய்விட்டுத் திரும்பி வர அனுமதிச் சீட்டு வேண்டும். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். குடிவரவு அதிகாரி மார்க்ஸைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்க, மதிப்பிட எனக்குத் தகுதி போதாது, ஆனால் பெரிய மனிதர் என்பதில் சந்தேகமில்லை என்று இவர் பதில் சொல்லிவைத்தார். சீட்டு கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் போகட்டும் என்று மாநாட்டுக்குக் கிளம்பிவிட்டார். கடவுளைக் கிண்டல் செய்தவரைக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கச் சொல்லியது. மார்க்ஸைப் புகழ்ந்ததற்காக நாடு கதவைச் சாத்தியது.

பழையபடி அமெரிக்காவுக்கு வந்துபோக ஏர்டிஷுக்கு 1963வரை ஆயிற்று. அதற்குள் ராஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு கோடைக் கணித முகாமை 1957இல் நோட்டர் டேமில் தொடங்கியிருந்தார். ஹாம்பர்க்கில் ஆர்ட்டினிடமே முனைவர் பட்டம் பெற்ற ஹான்ஸ் ட்சாசன்ஹாஸை 1959இல் துறைக்குக் கொண்டுவந்திருந்தார். 1963இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் ராஸை அழைத்தது. போனார். கோடை முகாமும் அவரோடு போனது. கொஞ்ச நாளில் ட்சாசன்ஹாஸும் பின்னாலேயே போய்விட்டார்.